பல் பதிந்த பொற்காசு

தகப்பனைக் கொன்றவன் பெரிய இடத்து ஆள். அதிகாரியிடம் முறையிடப் போனால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பொற்காசு. அதை வாயில் வைத்து, நெஞ்சிலிருக்கும் ஆத்திரமெல்லாம் பல்லுக்கு இறங்கும்படி கடிக்கிறார்கள். பல் தடம் பதிந்த அந்தக் காசு கைமாறிக் கைமாறி ஒரு சிறு கூட்டத்திடம் போய்ச் சேர்கிறது. பிறகு ஒருநாள் அந்தப் பெரிய மனிதன் செத்துக் கிடக்கிறான்.

2023 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்த 'ரிவெஞ்சர்' என்ற ஜப்பானிய அனிமே தொடர் இந்தக் காசைச் சுற்றித்தான் ஓடுகிறது. மொத்தமே 12 எபிசோடுகள். இயக்கியவர் மசாயா ஃபுஜிமோரி. கதையின் மூளை கென் உரோபுச்சி. 'மடோகா மேஜிகா', 'சைக்கோ பாஸ்' தொடர்களைப் பார்த்தவர்களுக்கு உரோபுச்சியைத் தெரிந்திருக்கும். நல்லவர்களை நிம்மதியாக இருக்க விடாத எழுத்தாளர் அவர்.

கதாநாயகன் குரிமா ராய்சோ, சத்சுமா என்ற தென்பகுதி ஆட்சிப் புலத்தைச் சேர்ந்த சாமுராய். தனக்கு நிச்சயித்த பெண் யூயியின் அப்பா அபின் கடத்துகிறார் என்று மேலதிகாரி சொல்கிறார். ராய்சோ நம்புகிறான், கட்டளைப்படி அவரை வெட்டிக் கொல்கிறான். உண்மை நேர்மாறானது. அபின் கடத்தியது கட்டளையிட்டவர். இறந்தவர் அதைத் தடுக்கப் பார்த்தவர். விஷயம் தெரிந்து ராய்சோ அந்த அதிகாரியைப் பழிதீர்க்கிறான். ஆனால் அதற்குள் யூயியும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இவ்வளவும் முதல் எபிசோடிலேயே முடிந்துவிடுகிறது. வேறு தொடர்களில் இருபது எபிசோடுகளுக்கு இழுக்கக்கூடிய பழிவாங்கல் இங்கே அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கதை தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

அவனைக் காப்பாற்றிச் சேர்த்துக்கொள்ளும் கூட்டத்துக்கு ரிபென்ஜியா என்று பெயர். ஊரார் கண்ணுக்கு அவர்கள் கூப்பிட்ட வேலைக்கு வரும் ஆட்கள். ஒவ்வொருவரும் கொலைக்கு எடுக்கும் கருவி விசித்திரமானது. அரக்குப் பூச்சில் பொன் வேலைப்பாடு செய்யும் கலைஞன் யூவென், மெல்லிய தங்க ரேக்கை எதிராளியின் முகத்தில் ஒட்டி மூச்சை அடைக்கிறான். சூதாடியான சோஜிக்குச் சீட்டுக்கட்டு. மருத்துவர் தெப்பாவுக்கு வில். சிறுபிள்ளை போலத் தோன்றும் நியோவுக்குப் பட்டம் விடும் நூல். ராய்சோ ஒருவன்தான் வாளை வாளாகவே பயன்படுத்துகிறான்.

இந்தக் கருவிகளைப் பார்த்ததும் ஜப்பானில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வரும். 'ரிவெஞ்சர்' தொடரைக் கணினி விளையாட்டு நிறுவனமான நைட்ரோபிளஸுடன் சேர்ந்து உருவாக்கியது ஷோச்சிகு என்ற பழம்பெரும் திரைப்பட நிறுவனம். அதே ஷோச்சிகுதான் 1972 செப்டம்பரில், ஒசாகாவின் அசாஹி ஒளிபரப்பு நிறுவனத்தோடு கைகோத்து 'ஹிஸ்ஸாத்சு' வரிசையைத் தொடங்கியது. அப்போது 'கொகராஷி மோன்ஜிரோ' என்ற நாடோடி வீரன் தொடர் போட்டிச் சேனலில் சனிக்கிழமை இரவுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதை வீழ்த்தப் பிறந்ததுதான் 'ஹிஸ்ஸாத்சு'. முதல் தொடருக்கு அடிப்படை நாவலாசிரியர் ஷோதாரோ இகெனாமியின் கதைகள். அதன் நாயகன் பகலில் அக்குபங்சர் ஊசியால் நோய் தீர்ப்பவன், இரவில் அதே ஊசியால் ஆளைத் தீர்ப்பவன். முதல் எபிசோடை இயக்கியவர் கின்ஜி ஃபுகாசாகு. திரையரங்குகளில் கூட்டம் குறைந்துவந்த காலம் அது. சினிமாவின் கைதேர்ந்த ஆட்கள் சின்னத்திரைக்கு வந்தபோது தங்கள் கலையையும் கொண்டுவந்தார்கள். பாதி முகம் இருட்டில், பாதி முகம் வெளிச்சத்தில் என்று அவர்கள் அமைத்த ஒளியை இன்றைய அனிமேக்காரர்களும் விடவில்லை.

அந்த வரிசையின் மறக்க முடியாத மனிதர் நகாமுரா மோந்தோ. 1973-ல் முதன்முதலாக வந்தார். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து நீதிமன்ற அலுவலகத்தில் கடைநிலை அதிகாரி. வேலையில் சோம்பேறி என்று பெயர் எடுத்தவர். வீட்டோடு மாப்பிள்ளை வேறு. மாமியாரும் மனைவியும் மாற்றி மாற்றி ஏசுவார்கள், அவர் தலையைக் குனிந்துகொள்வார். இரவில் அதே மனிதர் கூலிக்குப் பழிதீர்க்கும் கூட்டத்தின் தலைவர். நடித்த மகோதோ ஃபுஜிதா அதற்கு முன்பு நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்றவர். சிரிக்க வைத்த முகம் இருட்டில் திரும்பும்போது பார்வையாளர் முதுகு சில்லிட்டது. 1979-ல் தொடங்கிய 'ஹிஸ்ஸாத்சு ஷிகோதோனின்' 84 எபிசோடுகள் ஓடியது. தலைமுடியில் செருகும் கொண்டை ஊசி, ஷாமிசென் வாத்தியத்தின் தந்தி என்று பிழைப்புக்கான பொருளே அந்த வரிசையில் ஆயுதமாகிக்கொண்டு வந்தது. நியோவின் பட்ட நூல் அந்தத் தந்தியின் வாரிசு.

இந்தக் கூட்டங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. காசு வாங்காமல் கொல்லக் கூடாது. காசு எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் பரவாயில்லை, பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்து வந்திருக்க வேண்டும். கேட்டவுடன் கேவலமாகத் தோன்றும் விதி. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கடிவாளம் இருக்கிறது. இவன் கெட்டவன், இவன் சாகத் தகுந்தவன் என்று கொலைகாரர்களே முடிவுசெய்ய ஆரம்பித்தால் அவர்களும் இன்னொரு கொடுங்கோல் அதிகாரிகள் ஆகிவிடுவார்கள். தீர்ப்பு சொல்லும் உரிமை அழுகிறவருக்குத்தான். அதற்கான அத்தாட்சிதான் காசு. 'ரிவெஞ்சர்' அந்த அத்தாட்சியில் பல் தடத்தையும் சேர்த்தது. இந்தத் தொடர் கண்டுபிடித்தவற்றில் ஆகச்சிறந்தது இதுதான்.

இப்படிக் கூலிக்குப் பழிதீர்க்கும் ஆட்களை ஜப்பானிய மக்கள் ஏன் இவ்வளவு காலம் கற்பனை செய்தார்கள்? பதில் எடோ காலத்துச் சட்டத்தில் இருக்கிறது.

1603-லிருந்து 1868 வரை நீண்ட அந்தக் காலத்தில் பழிவாங்கல் சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது. அதற்கு முறையும் இருந்தது. சாமுராய் முதலில் தன் பிரபுவிடம் அனுமதி வாங்க வேண்டும். எதிரியைத் தேடி எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தால் பிரபு நாட்டை ஆண்ட ஷோகுனின் அரசுக்குத் தெரிவிப்பார். எடோ நகரத்து அலுவலகப் பதிவேட்டில் பெயர் ஏறும். யாருக்காகப் பழிவாங்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. அப்பா, அம்மா, அண்ணன், பெரியப்பா சித்தப்பா போன்ற மூத்தவர்களுக்காக வாங்கலாம். மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் தம்பிக்காகவும் கூடாது. ஒருமுறை பழிதீர்த்துவிட்டால், இறந்தவனின் குடும்பம் அதற்குப் பதில் பழிவாங்கவும் கூடாது. ஷோகுனின் கோட்டைக்குள்ளோ, அவருடைய முன்னோர் கல்லறைகள் உள்ள கோயில் வளாகங்களிலோ வாளை உருவக் கூடாது.

அனுமதிச் சீட்டு கிடைத்தவர் வாழ்க்கை சுகமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஷிபாதா பகுதியைச் சேர்ந்த குமே கோதாரோவின் அப்பா 1817-ல் கொல்லப்பட்டபோது அவன் சிறு குழந்தை. வளர்ந்து, அனுமதி வாங்கி, ஊர் ஊராகத் தேடி அலைந்து, எதிரியைக் கண்டுபிடித்தது 1857-ல். நாற்பது ஆண்டுகள். எதிரி அதற்குள் துறவியாகி, எண்பதைக் கடந்த கிழவராகியிருந்தார். கோதாரோ வெட்டினார். ஊர் பாராட்டியது. ஒரு மனிதனின் இளமையும் நடுவயதும் முழுதாக ஒரு கிழவரைத் தேடுவதில் போயிருந்தது.

நாற்பத்தேழு ரோனின்கள் (பிரபுவை இழந்த சாமுராய்கள்) கதை உலகறிந்தது. 1701-ல் அசானோ பிரபு கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியைத் தாக்கியதற்காக வயிற்றைக் கிழித்துச் சாகும்படி தண்டிக்கப்பட்டார். அவருடைய ஆட்கள் காத்திருந்து, 1703 ஜனவரியில் கிராவின் மாளிகைக்குள் புகுந்து தலையை எடுத்தார்கள். இது பதிவேட்டில் ஏறிய பழிவாங்கல் அல்ல. அரசு அவர்களில் 46 பேரை அதே முறையில் சாகச் சொன்னது. மக்களோ அவர்களைத் தெய்வமாக்கினார்கள். 1748-ல் ஒசாகாவின் பொம்மலாட்ட மேடையில் ஏறிய அவர்கள் கதை இன்றுவரை இறங்கவில்லை. சட்டம் ஒரு பக்கம், மக்கள் மனம் இன்னொரு பக்கம்.

விவசாயியும் வியாபாரியும் தகப்பனுக்காகப் பழிவாங்கியது உண்டு, பிற்காலத்தில் அரசு அதைக் கண்டும் காணாமல் விட்டதும் உண்டு. ஆனால் எதிரி அதிகாரியாகவே இருந்தால்? கொல்லப்பட்டது மகளாக இருந்தால்? எதிர்க்க வாள் பிடிக்கவே தெரியாவிட்டால்? பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அக்குபங்சர் ஊசியும் ஷாமிசென் தந்தியும் கடிபட்ட காசும் முளைத்தன.

1873 பிப்ரவரி 7-ம் தேதி புதிய மெய்ஜி அரசு பழிவாங்கலைத் தடைசெய்தது. அன்று முதல் அது வெறும் கொலை. உசுய் ரோகுரோ என்ற இளைஞன் அதை ஏற்கவில்லை. 1868-ல் அகிசுகி என்ற சிறு ஆட்சிப் புலத்தில் அவனுடைய பெற்றோரை அரசியல் எதிரிகள் தூக்கத்தில் கொன்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1880 டிசம்பரில் டோக்கியோவில் அவன் எதிரியைக் குத்திக் கொன்றான். இறந்தவர் அப்போது நீதிபதி. பத்திரிகைகளும் பொதுமக்களும் ரோகுரோவுக்காக உருகினார்கள், ஆனால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை குறைக்கப்பட்டு 1891-ல் வெளியே வந்தான். ஜப்பானின் கடைசிப் பழிவாங்கல் என்று வரலாறு இதைக் குறித்து வைத்திருக்கிறது.

'ரிவெஞ்சர்' கற்பனை வரலாறுதான். கதை நடக்கும் நாகசாகித் துறைமுக நகரில் தேவாலயம் வெளிப்படையாக நிற்கிறது, பாதிரியார் வெளிப்படையாக நடமாடுகிறார். உண்மையான நாகசாகியில் 1597-லேயே 26 கிறிஸ்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-க்குப் பிறகு மதம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, நம்பிக்கையாளர்கள் இரண்டரை நூற்றாண்டு ஒளிந்து ஜெபித்தார்கள். ஆனாலும் களத்தைக் கவனமாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்களை தெஜிமா என்ற செயற்கைத் தீவிலும், சீனர்களைச் சுவர் கட்டிய குடியிருப்பிலும் அடைத்துவைத்து வியாபாரம் செய்த ஊர் அது. வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கும் இடத்தில் கடத்தலும் இறங்கும்.

சத்சுமாவைக் குற்றவாளியாக்கியதும் குருட்டாம்போக்கில் அல்ல. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் புலம் 50 லட்சம் ரியோ (அக்காலப் பொற்காசு) கடனில் மூழ்கியிருந்தது. அதை மீட்ட நிர்வாகி சுஷோ ஹிரோசாதோ, கரும்புச் சர்க்கரையையும் ரியூக்யூ தீவுகள் வழியாக நடந்த சீனக் கள்ள வியாபாரத்தையும் நம்பினார். விவகாரம் ஷோகுன் அரசின் காதுக்கு எட்டி விசாரணை வந்தபோது அவர் உயிர் போனது. தற்கொலை என்றே பலரும் சொல்கிறார்கள். அபின் மட்டும் தொடரின் கற்பனை. பக்கத்துச் சீனா வங்காளத்திலிருந்து போன அபினாலும் அதற்காக 1839-ல் மூண்ட போராலும் நொறுங்கியதை நாகசாகி வழியாகவே அறிந்த ஜப்பான், 1858-ல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்திலேயே அபின் இறக்குமதிக்குத் தடை எழுதிக்கொண்டது. அந்தத் தடை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தின் மேல்தான் கதை நிற்கிறது.

இதே காலத்தை எடுத்துக்கொண்ட இன்னொரு தொடர் 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்'. ஹிரோவாகி சாமுரா 1993 முதல் 2012 வரை 30 தொகுதிகளாக வரைந்த மங்கா சித்திரக்கதையை 2019-ல் தொடங்கி 24 எபிசோடுகளாக முழுமையாக எடுத்தார்கள். பெற்றோரை இழந்த ரின் என்ற பெண், சாகாவரம் பெற்ற மாஞ்சியைக் காவலுக்கு வைத்துக்கொண்டு எதிரிகளைத் தேடிப் போகிறாள். அவளுடைய எதிரியோ, தன் தாத்தாவை அவமதித்த வாள் பள்ளியைத்தான் பழிதீர்த்திருக்கிறான். வழியில் முகமூடி செதுக்கும் ஒருவனை மாஞ்சி கொல்கிறான். அவனுடைய மகன் மாஞ்சியைக் கொல்லக் காத்திருக்கிறான். பழிதீர்த்தவர் மீது மறுபழி வாங்கத் தடைபோட்ட எடோ காலத்துச் சட்டத்தின் அறிவு என்ன என்பது இந்தத் தொடரைப் பார்த்தால் புரியும்.

ஆனால் ராய்சோவின் நிலை ரின்னுடையதைவிடக் கொடியது. யூயிக்காக யாரையாவது வெட்ட வேண்டுமென்றால் அவன் தன்னைத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். பகலில் ஓவியம் வரைகிறான், இரவில் பிறருடைய கண்ணீருக்காகக் கொல்கிறான், இரண்டுக்கும் நடுவே தூக்கமில்லை. கூட்டத்தில் மற்றவர்களுக்கு ஒவ்வொரு காசோடும் கணக்கு முடிந்துவிடுகிறது. அவன் கணக்கு முடிவதில்லை. கூலிக் கொலையைக் குற்றவுணர்வே இல்லாத சாகசமாகக் காட்டும் தொடர்கள் ஏராளம். அந்தக் குற்றவுணர்வையே கதையின் முதுகெலும்பாக்கியதால்தான் 'ரிவெஞ்சர்' அவற்றிலிருந்து விலகி நிற்கிறது.

குறைகளும் உண்டு. 12 எபிசோடுகளுக்குள் அபின் அரசியல், தேவாலயத்தின் உள்விவகாரம், எதிர்க் கூட்டம் என்று எல்லாவற்றையும் அடைத்ததில் பின்பாதி மூச்சு வாங்குகிறது. சோஜிக்கும் தெப்பாவுக்கும் இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் சாகவே வருகிறார்கள். 2023-ல் வந்த தொடருக்கு இது பெரிய குறை.

ரத்தமும் தற்கொலையும் போதைப்பொருளும் நிறைந்த தொடர் இது. கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்கள் முதல் எபிசோடை மட்டும் ஒரே மூச்சில் பாருங்கள். ராய்சோவை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போக முடிந்தால் தொடர் உங்களுக்கானது அல்ல. முடியாவிட்டால் மீதி 11 எபிசோடுகளுக்குச் சுமார் நான்கரை மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். இறுதி எபிசோடைப் பற்றி யாரிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள்.