வேலையின் விலாசம்

தொலைவில் உள்ள கணினிகளை ஒன்றாக இணைக்கும் கிரிட்டை வலைச்சேவைகளின் மேல் கட்ட வந்த ஓஜிஎஸ்ஐ தரம் ஏன் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்பதைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். 2003 ஜூனில் வெளியானது. 2004 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த குளோபஸ்வேர்ல்ட் மாநாட்டில் ஐபிஎம், ஹெச்பி, குளோபஸ் கூட்டணி மூன்றும் டபிள்யூஎஸ்ஆர்எஃப் என்ற புதிய தரத்தை அறிவித்ததும் அதன் கதை முடிந்தது. அது போதும்.

இந்த வாரம் டபிள்யூஎஸ்-ஈவென்டிங், டபிள்யூஎஸ்-நோட்டிஃபிகேஷன் என்ற இரண்டு அறிவிப்புத் தரங்களுக்கிடையே நடந்த போட்டியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் பழைய இதழ்களைப் புரட்டியபோது 2008 செப்டம்பர் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அதன் பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

கட்டுரை எழுதியவர்கள் நான்கு பேர். முதல் பெயர் இயன் ஃபாஸ்டர். ஆர்கான் ஆய்வகத்தில் குளோபஸ் என்ற கிரிட் மென்பொருளைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர், டபிள்யூஎஸ்ஆர்எஃப்பின் முன்னணிக் குரல். இரண்டாவது பெயர் சவாஸ் பரஸ்டாடிடிஸ். மூன்றாவது பால் வாட்சன். இந்த இருவரும் 2003-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி ஜிம் வெப்பருடன் சேர்ந்து, ‘கிரிட்டுக்கென்று தனியாக ஓஜிஎஸ்ஐ போன்ற ஒரு பாரத்தை வலைச்சேவைகளின் மேல் ஏற்றாதீர்கள்’ என்று வாதாடியவர்கள். எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் ஐந்து வருடம் கழித்து ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு, நான்கு வெவ்வேறு வழிகளில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். தொழில்நுட்பச் சண்டைகளில் இப்படி நடப்பது அபூர்வம். இந்தத் தொடரைத் தொடங்கியதிலிருந்து நான் படித்ததில் இவ்வளவு நேர்மையான ஆவணம் வேறில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் எளிமையானது. தொலைவில் இருக்கும் பெரிய கணினியிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறோம். அது முடியப் பல மணி நேரம் ஆகலாம். இடையில் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்க வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்த வேண்டும். தையல்காரரிடம் துணி கொடுத்தால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி பில்லோடு குத்தித் தருவாரே, அப்படி ஒரு அடையாளம் நம் கையில் இருந்தால்தான் பிறகு போய்க் கேட்க முடியும். அந்த அடையாளத்தை எங்கே எழுதுவது? பல வருடச் சண்டையின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

டபிள்யூஎஸ்ஆர்எஃப் வழியில், வழக்கமாக எல்லா வேலைகளுக்கும் சேவையின் முகவரி ஒன்றே. எந்த வேலை என்பதைச் சொல்லும் எண், ‘எண்ட்பாயின்ட் ரெஃபரன்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் துண்டுக்குள் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல், அப்படியே சோப் என்ற வலைச்சேவைச் செய்தியின் தலைப்பகுதியில் ஒட்டி அனுப்ப வேண்டும். பிறகு வேலையின் குணங்களில் எது வேண்டுமோ, அதை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் போட்டியாக நின்ற மைக்ரோசாஃப்ட் அணியின் டபிள்யூஎஸ்-டிரான்ஸ்ஃபரிலும் அதே எண்ட்பாயின்ட் ரெஃபரன்ஸ்தான். ஆனால் கெட், புட், கிரியேட், டெலிட் என்ற நான்கு செயல்களுக்கு மேல் கிடையாது. நிலவரம் மட்டும் கேட்டாலும் முழு ஆவணமும் வந்து விழும். மூன்றாவது வழி வெறும் ஹெச்டிடிபி: வேலைக்கே ஒரு யூஆர்எல். நான்காவதில் பொதுத் தரம் என்று எதுவும் இல்லை. செய்தியின் உடலில் வேலை எண்ணைப் போட்டு, ‘நிலவரம் சொல்’ என்று நாமே ஒரு செயலை வைத்துக்கொள்ளலாம்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்பியில் போகும் செய்திகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எண் தலையில் இருக்கிறதா, உடலில் இருக்கிறதா, விலாசத்தில் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். நான்காவது ஆசிரியரான மார்க் மெக்கியோன் மான்செஸ்டரில் பெர்ல் மொழியில் எழுதிய டபிள்யூஎஸ்ஆர்எஃப்::லைட்டில் அந்த எண்ணை யூஆர்எல்லுக்குள்ளேயே வைத்திருந்தார். தரத்தை மீறாமலே!

இதைப் படித்ததும் பழைய குளோபஸ் 2-இன் கையேட்டைத் தேடி எடுத்தேன். வலைச்சேவை என்ற பேச்சே கிரிட்டுக்குள் வராத காலத்துக் கருவி அது. 2119-ஆம் போர்ட்டில் காவல் நிற்கும் கேட்கீப்பரிடம் வேலையைக் கொடுத்தால், பதிலுக்கு ஒரே ஒரு வரி வரும். கணினியின் பெயர், ஒரு போர்ட் எண், சாய்கோடு, அந்த வேலையைக் கவனிக்கும் ஜாப் மேனேஜரின் புராசஸ் எண், சாய்கோடு, அது தொடங்கிய நேரம் நொடிக்கணக்கில். ஆம், ஒரு யூஆர்எல்! அதை மின்னஞ்சலில் நண்பருக்கு அனுப்பலாம், தாளில் எழுதி வைக்கலாம். நிலவரம் கேட்டால் ஒரு எண் வரும்: 1 என்றால் வரிசையில் நிற்கிறது, 2 ஓடுகிறது, 4 தோற்றது, 8 முடிந்தது, 16 நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் எண்ட்பாயின்ட் ரெஃபரன்ஸுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட விலாசம், முதலில் எல்லாரும் படிக்கும்படி வெளியே தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் அப்போது திட்டம் நடத்தியவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? 2006-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் ஹெச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து, இரண்டு அணிகளின் தரங்களையும் இணைத்துப் புதிதாக ஒன்று செய்யப்போவதாக அறிவிக்கின்றன. அடுத்த மாதமே, ஏப்ரலில், டபிள்யூஎஸ்ஆர்எஃப் ஓயாசிஸ் அமைப்பின் அதிகாரபூர்வத் தரமாகிறது. பெற்றவர்களே மாற்று ஏற்பாட்டை அறிவித்த பிறகு அதற்கு முத்திரை விழுகிறது. முந்தைய வருடம் வந்த குளோபஸ் 4-ஐ நம்பி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்களின் நிலையை எண்ணினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர்கள் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வு செய்யச் சொல்லிக் கேட்டவர்கள் நிலையாக நிற்கவில்லை.

செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி மோதல் கருவிக்கான கிரிட்டைக் கட்டியவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். மோதல் கருவி ஓடத் தொடங்கினால் தரவு வந்து குவியும். தரக்குழுவின் முடிவுக்காக அது காத்திருக்காது. அவர்கள் குளோபஸ் 2-இன் கேட்கீப்பரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கோப்பு அனுப்ப கிரிட்எஃப்டிபி. அது வலைச்சேவையே அல்ல. கடைசியில் குளோபஸ்காரர்களே அந்த வழிக்குத் திரும்பினார்கள். குளோபஸ் 5-இல் வலைச்சேவை வேலை மேலாளரைக் கழற்றிவிட்டு, பழைய இரண்டாம் பதிப்பின் மேல் புதியதைக் கட்டினார்கள். 2010-இல் தொடங்கிய குளோபஸ் ஆன்லைன் சேவையின் நிரல் இடைமுகம் ரெஸ்ட் பாணி. 2008 கட்டுரையின் மூன்றாவது வழி.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எந்த அணியில் சேர்ந்திருந்தாலும், வேலையின் அடையாளத்தை ஒரே வரியில் வைத்துக்கொண்டவர்களுக்குப் பிறகு மாறுவது எளிதாக இருந்திருக்கும். தலைப்பகுதி எக்ஸ்எம்எல்லை நிரல் முழுவதும் ஒட்டி வைத்தவர்கள், தரம் மாறியபோது எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. நியூகாசில்காரர்கள் 2003-லேயே, வேலை போன்ற வளங்களுக்கு யூஆர்என் என்ற ஒற்றை வரிப் பெயர் வையுங்கள் என்றார்கள். அன்று அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

பக்கம் நிரம்பிவிட்டது. வேலை முடிந்ததும் நாம் கேட்காமலே வந்து சொல்லும் அறிவிப்புத் தரங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். 2004 ஜனவரியில், ஒரே மாதத்துக்குள், இரண்டு அணிகளும் ஆளுக்கொரு தரத்தை வெளியிட்டன. டிப்கோ என்ற நிறுவனத்தின் பெயர் இரண்டிலுமே இருக்கிறது. ஏன் என்பதிலிருந்து தொடங்குவோம்.