கம்பத்தைச் சுற்றி ஒரு திருப்பம்

ஆகாய விமானத்தைப் பற்றி நம்மவர்கள் கூடிப் பேசினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும்: "முதல்ல பறந்தது ஆரு?" பாடப்புத்தகம் படித்த பிள்ளை ரைட் சகோதரர்கள் என்பான். பக்கத்தில் இருக்கும் பெரியவர் விடமாட்டார். "அதுக்கு ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நம்மட அப்பாஸ் இப்னு பிர்னாஸ் பறந்திட்டார், தம்பி." பிரேசில்காரர் ஒருவர் அங்கே இருந்தால் சந்தோஸ் டூமோன் பெயரைச் சொல்லிச் சண்டைக்கே வருவார். நான் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கப் பழகிக்கொண்டேன்: பறந்தவரால் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வர முடிந்ததா?

இப்னு பிர்னாஸையே எடுத்துக்கொள்வோம். அவர் 9ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்தவர். அவர் பறந்த கதையை நமக்கு விரிவாகத் தருபவர் 17ஆம் நூற்றாண்டின் அல்-மக்கரி. இடையில் 700 ஆண்டுகளுக்கும் மேல். இறகு போர்த்து, செட்டை கட்டி, ஓரளவு தூரம் பறந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்பது செய்தி. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது, இவர் வால் வைக்க மறந்துவிட்டார் என்கிறது அந்தக் குறிப்பு. 'முதல்வர்' பட்டத்துக்காக அவரை இழுத்துப் பறிக்கிற நாம், இந்த ஒரு வரியைக் கவனிப்பதில்லை. மேலே போவது ஒரு பிரச்சினை, மேலே போனபின் உடலை ஆளுவது வேறு பிரச்சினை என்பதை அது அன்றைக்கே சொல்லிவிட்டது.

இனி என்ஜின் காலத்துக்கு வருவோம். 1903 டிசம்பர் 17இல் அமெரிக்காவின் கிட்டி ஹோக் மணற்பரப்பில் ஓர்வில் ரைட் 12 செக்கன், ஏறக்குறைய 36 மீற்றர் பறந்தார். அன்றைய கடைசிப் பறப்பில் அண்ணன் வில்பர் 59 செக்கன் நின்றார். எல்லாம் நேர்கோடு. பிரான்ஸில் 1906 ஒக்டோபர் 23இல் சந்தோஸ் டூமோன் ஏறத்தாழ 60 மீற்றர் பறந்து, 25 மீற்றருக்கென வைத்திருந்த கிண்ணத்தை வென்றார். நவம்பர் 12இல் 220 மீற்றர். அவருடைய விமானத்தில் சக்கரம் இருந்தது, ஊர் மக்கள் பார்த்து நின்றார்கள், நடுவர்கள் அளந்தார்கள். ரைட் சகோதரர்களோ தண்டவாளத்தில் வைத்து ஓட்டியவர்கள். 1904இலிருந்து கோபுரத்தில் பாரத்தை ஏற்றி விழச்செய்து அதன் இழுவையால் கிளம்பியவர்கள். பிரேசில்காரரின் வழக்கு இதில்தான் நிற்கிறது. ஆனால் அவர் பறந்ததும் நேர்கோடுதான்.

நேராகப் போவதற்கு வலுவுள்ள என்ஜினும் கொஞ்சம் துணிச்சலும் போதும். திரும்புவதுதான் கஷ்டம். தோணியைப் போல விமானத்தையும் சுக்கானால் திருப்பிவிடலாம் என்றே ஐரோப்பியர் பலர் எண்ணினார்கள். சுக்கானை மட்டும் திருப்பினால் மூக்கு திரும்பும், உடல் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். வளைவின் வெளிப்பக்கச் செட்டை கூடுதல் வேகத்தில் போவதால் அது தானாக மேலெழும்பும். உட்பக்கச் செட்டை தாழும். கையில் அதைச் சமப்படுத்த ஒன்றும் இல்லாவிட்டால் ஒருக்களித்து விழவேண்டியதுதான்.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். சைக்கிளில் வளைவுக்குப் போகிறவன் ஹேண்டிலை மட்டும் திருப்புவதில்லை, உடலோடு சாய்கிறான் அல்லவா? விமானமும் சாயவேண்டும். விமானத்தைத் தாங்கும் விசை செட்டையிலிருந்து மேல்நோக்கி எழுகிறது. செட்டை சாய்ந்தால் அந்த விசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுத்து விமானத்தை வளைக்கும். சாய்ப்பது எப்படி? 1899இல் வில்பர் ஒரு வெற்று அட்டைப்பெட்டியின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பார்த்தார். அதேபோல் செட்டைகளைக் கயிற்றால் முறுக்கினால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். 1904 செப்டெம்பர் 20இல் ஒஹையோவின் ஒரு மேய்ச்சல் நிலத்தில் அவர் முழு வட்டம் அடித்தார். அதைப் பார்த்து எழுதியவர் தேனீ வளர்ப்பாளரான அமோஸ் ரூட். அச்சில் வந்தது அவருடைய தேனீ வளர்ப்புச் சஞ்சிகையில். 1905 ஒக்டோபர் 5இல் வட்டம் வட்டமாக 39 கிலோமீற்றர்.

இதே காலத்தில் பரிஸில் ஒரு பரிசு காத்துக் கிடந்தது. எண்ணெய் வர்த்தகரான டொய்ச் டி லா மூர்த்தும் வழக்கறிஞரான ஆர்க்டீக்கனும் 1904இல் 50,000 பிராங் வைத்தார்கள். நிபந்தனை சுருக்கம்: 500 மீற்றர் தள்ளி நாட்டிய கம்பத்தைச் சுற்றி, புறப்பட்ட கோட்டுக்கே வரவேண்டும். கூடிய தூரம், கூடிய உயரம் என்று கேட்காமல் 'திரும்பு' என்று கேட்ட அந்த நிபந்தனையை எழுதியவர்களின் புத்தியை மெச்சத்தான் வேண்டும்.

39 கிலோமீற்றர் சுற்றியவர்களுக்கு அந்தக் காசு கைக்கெட்டிய தூரம். ஆனால் அவர்கள் போகவில்லை. விற்பனை ஒப்பந்தம் கையில் வருமுன் இயந்திரத்தைக் காட்டினால் யாரும் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற பயம். 1905 ஒக்டோபருக்குப் பிறகு 1908 மே வரை பறக்கவே இல்லை. பரிசை 1908 ஜனவரி 13இல் ஹென்றி பார்மன் எடுத்தார்: 1 நிமிடம் 28 செக்கன். அவர் ஓட்டிய வொய்சின் விமானத்தில் சாய்ப்பதற்கு வழி கிடையாது. சாயாமல் பார்த்துக்கொண்டு, அகலமாக வழுக்கி வழுக்கித் திரும்பினார். பரிஸ் கொண்டாடியது.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1908 ஓகஸ்ட் 8இல் லெ மான் நகருக்கருகே ஒரு குதிரைப் பந்தயத் திடலில் வில்பர் ரைட் 1 நிமிடம் 45 செக்கன் மட்டும் பறந்தார். ஆனால் செட்டையைச் சாய்த்து, பருந்து வளைவதுபோல் இரண்டு வட்டம். பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு விமானிகளுக்குத் தாங்கள் இதுவரை செய்தது என்னவென்று விளங்கிப்போயிற்று. அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை, கற்றுக்கொண்டார்கள். செட்டை முழுவதையும் முறுக்காமல், அதன் ஓரத்தில் அசையும் சிறு மடல்களை வைக்கும் முறையைப் பார்மன் எடுத்துக்கொண்டார். இன்றைய விமானத்தில் ஜன்னலோரம் இருந்தால் நாம் பார்ப்பதும் அந்த மடலின் வாரிசைத்தான்.

1909 ஜூலை 25இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டெய்லி மெயில் பத்திரிகையின் 1,000 பவுணை வென்றதை எல்லோரும் அறிவர். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ அடுத்த மாதம் பிரான்ஸின் ரீம்ஸ் நகருக்கு வெளியே ஓகஸ்ட் 22 முதல் 29 வரை நடந்த போட்டிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. 10 கிலோமீற்றர் சுற்று, மூலைக்கொரு கோபுரம். முன்பு 50,000 பிராங் பெற்ற திருப்பம் இங்கே சுற்றுக்கு நான்கு தடவை! பார்மன் புதிய விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றி 180 கிலோமீற்றர் கடந்தார்.

28ஆம் திகதி கோர்டன் பெனட் கிண்ணம். இரண்டு சுற்று, 20 கிலோமீற்றர். அமெரிக்காவின் கிளென் கேர்ட்டிஸும் பிளேரியோவும் மோதினார்கள். கேர்ட்டிஸ் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். வளைவில் சாய்வது அவருக்குப் பழகிய வித்தை. அவர் 15 நிமிடம் 50 செக்கன் சொச்சத்தில் முடித்தார். பிளேரியோ பிந்தியது ஆறு செக்கனுக்கும் குறைவு.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. ரீம்ஸில் கூட்டத்தைக் குதூகலப்படுத்திய யூஜின் லெபெவ்ர் செப்டெம்பர் 7இல் ஒரு ரைட் விமானத்தைச் சோதிக்கும்போது விழுந்து மாண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் விமானிச் சான்றிதழ் பெற்ற முதற் பெண் ரேமொண்ட் டி லாரோஷ், அதே ரீம்ஸில் ஜூலையில் விழுந்து படுகாயமடைந்தார்.

ரைட் சகோதரர்கள் ரீம்ஸுக்கு வரவில்லை. அதே ஓகஸ்டில் அவர்கள் கேர்ட்டிஸ்மேல் வழக்குப் போட்டார்கள். அவருடைய மடலும் தங்கள் முறுக்குச் செட்டையும் ஒரே கருத்துத்தான், அதற்கு 1906இலேயே காப்புரிமை பெற்றுவிட்டோம் என்பது வாதம். வழக்கு இழுபட்டது. 1912இல் வில்பர் டைபொயிட் காய்ச்சலில் இறந்தார். 1914இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பு ரைட் பக்கம் வந்தது. அதற்கடுத்த ஆண்டே ஓர்வில் கம்பனியை விற்றுவிட்டார். 1917இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது விமானம் அவசரமாகத் தேவைப்பட்டது. காப்புரிமைகள் யாவற்றையும் பொதுவில் போட்டுப் பாவிக்க உற்பத்தியாளர்கள் உடன்பட்டார்கள். சாய்ந்து திரும்பும் வித்தை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அத்தோடு நின்றுபோயிற்று.