பகைவன் கூடாரம் பூங்காவில் பந்தலானது!

1683 செப்டம்பர் 12. வியன்னா நகரை இரண்டு மாதமாக முற்றுகையிட்டிருந்த துருக்கியப் படை ஒரே நாளில் சிதறி ஓடியது. கூட்டுப் படைக்குத் தலைமை தாங்கி வென்றவர் போலந்து மன்னர் ஜான் சோபியெஸ்கி. மறுநாள் இரவு, தோற்றோடிய துருக்கியத் தலைமை அமைச்சர் காரா முஸ்தபாவின் கூடாரத்திலேயே உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

பீரங்கிகளை விட வேறொன்று அவரை வியக்க வைத்தது. போர்முனையிலும் அந்த அமைச்சர் தோட்டம் வைத்திருந்தார்! நீரூற்று, குளியலறை, முயல்கள் எல்லாம் இருந்தன. கிளி ஒன்று மட்டும் யார் கைக்கும் அகப்படாமல் பறந்து விட்டதாம்.

கூடாரமே தோட்டம்

துருக்கியக் கூடாரம் வெறும் முரட்டுத் துணியல்ல. உட்புறத்தில் தூணும் வளைவுமாக, இடையிடையே பூங்கொத்துகளாக, வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். உள்ளே நின்றால் பூந்தோட்டத்தில் நிற்பது போலவே இருக்கும். போலந்துப் பிரபுக்கள் இவற்றைத் தங்கள் தோட்டங்களில் அடித்து விருந்து வைத்தார்கள். கொள்ளையில் கிடைத்தது போதாமல் விலைக்கும் வாங்கினார்கள். அக்காலக் கூடாரங்கள் சில, கிராக்கோ நகரின் வாவெல் கோட்டையில் இன்றும் உள்ளன.

ரயிலடிக் கடையின் பூர்வீகம்

தோட்டத்தில் காற்று வாங்க, பக்கங்கள் திறந்த சிறு மண்டபம் கட்டுவது துருக்கியர் வழக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கோஷ்க்'. அரியணை இழந்த போலந்து மன்னர் ஸ்தானிஸ்லாஸ் லெஷ்சின்ஸ்கி, துருக்கியர் ஆட்சியிலிருந்த பெந்தேரில் சில காலம் தங்கியவர். 1737-ல் பிரான்சை அடுத்த லொரேன் நாட்டுக்குக் கோமகனானதும், லூனேவில் அரண்மனைத் தோட்டத்தில் அந்தப் பாணியில் ஒரு மண்டபம் எழுப்பினார். இன்று ரயிலடியில் பத்திரிகை விற்கும் கடையைக் குறிக்கும் 'கியோஸ்க்' என்ற சொல், அந்தத் தோட்ட மண்டபத்தின் பெயர்தான்!

வார்சாவிலும் இந்த மோகம் பரவியது. போலந்தின் கடைசி மன்னர் பொனியாதோவ்ஸ்கியின் வாஜியென்கி பூங்காவில் 'துருக்கிய வீடு' எழுந்தது. அவருடைய அண்ணன் காசிமியெரின் தோட்டத்தில் மினாரும் இமாம் வீடும் இருந்தன. தொழுகைக்கு அல்ல, அழகுக்கு!

யார் பகைவர்?

1795-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து போலந்தின் எஞ்சிய பகுதியையும் பங்கு போட்டு விழுங்கின. எந்த வியன்னாவை சோபியெஸ்கி காப்பாற்றிக் கொடுத்தாரோ, அந்த வியன்னாவின் அரசும் பங்கு வாங்கிக்கொண்டது.

நாடிழந்து திரிந்த போலந்துக்காரர்களுக்காக 1842-ல் ஒரு கிராமம் உருவானது. அவர்கள் அங்கே காடு திருத்திப் பயிர் செய்து பிழைத்தார்கள். 'போலோனெஸ்கோய்', அதாவது போலந்தியர் ஊர் என்று இன்று அதற்குப் பெயர். அது இருப்பது இஸ்தான்புல் நகரின் அருகில். இடம் கொடுத்தது, பழைய பகைவரான துருக்கியரின் மண்!