நொறுங்கிய முள்ளெலும்புக்கு ஊசி வழிச் சிமெண்ட்

எலும்புப்புரை நோயில் அதிகமாக முறிவது முதுகின் முள்ளெலும்புதான். இடுப்பெலும்பு முறியப் பெரும்பாலும் கீழே விழ வேண்டியிருக்கும். முள்ளெலும்புக்கு அதுகூட வேண்டாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிவதோ, பலமாக இருமுவதோ, ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதோ போதும். முள்ளெலும்பின் உட்புறம் தேன்கூடுபோல இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் கூட்டின் சுவர்கள் மெலிந்து அறுபடுகின்றன. ஒரு நாள் முன்பக்கம் அமுங்கி, எலும்பு ஆப்பு வடிவமாகிவிடும். மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கிறது.

இந்தியாவிலேயே முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் கேரளம். 2021 கணக்கின்படி அங்கே மக்களில் 16.5 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அங்குள்ள கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் தரையில் உட்கார்ந்து சுக்கும் மிளகும் புடைத்த பெண்கள், பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் ஈரத்துணியைக் குனிந்து அள்ளிய தமிழ்க் குடும்பத்தினர் என்று, உழைத்தே வயதானவர்கள் நிறைந்த ஊர் அது. எலும்பு மெலிந்த பிறகு, முன்பு சாதாரணமாகச் செய்த அதே குனிதலே ஆபத்தாகிறது.

வலி வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவது வழக்கம். மூன்றில் இரண்டு பங்கு முள்ளெலும்பு முறிவுகள் அந்தச் சமயத்தில் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. உயரம் குறைவதும் முதுகு கூனுவதும் முதுமையின் கணக்கில் எழுதப்படுகின்றன. படுக்கையில் புரள முடியாத வலியும், முதுகின் நடுக்கோட்டில் விரலால் தட்டினால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலிப்பதும் முறிவைக் காட்டும் அடையாளங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அமுங்கியது தெரியும். அது புதிய முறிவா, ஆறிய பழைய முறிவா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும், ஊசிச் சிகிச்சை வேண்டுமா என்ற முடிவுக்கு இந்த விவரம் மிக அவசியம்.

நொறுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தும் இந்தச் சிகிச்சையின் பெயர் வெர்டிப்ரோபிளாஸ்டி. இது 1984இல் பிரான்ஸின் அமியான் நகரில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அன்று அது கழுத்தெலும்பை அரித்த ஒரு ரத்தக்குழாய்க் கட்டிக்காக. எலும்புப்புரைக்குப் பின்னரே வந்தது. நோயாளி குப்புறப் படுக்கிறார். முதுகில் மரத்துப்போகும் ஊசி போடப்படுகிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கத்தி வைத்துத் திறக்காமல், ஒரு தடித்த ஊசி எலும்புக்குள் செலுத்தப்படுகிறது. தூளையும் திரவத்தையும் அந்த இடத்திலேயே கலந்து எலும்புச் சிமெண்ட் தயாராகிறது. திரையில் தெரிவதற்காக அதில் பேரியம் சேர்ந்திருக்கும். எல்லாம் பதத்தில்தான் இருக்கிறது: நீர்த்திருந்தால் ரத்தக்குழாய்க்குள் ஓடிவிடும், இறுகிவிட்டால் ஊசியில் நகராது. பற்பசைப் பதம் வந்ததும் சில மில்லிலிட்டர் மட்டும் மெல்லச் செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் அது கெட்டிப்படும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். இதன் இன்னொரு வடிவமான கைஃபோபிளாஸ்டியில் முதலில் ஒரு சிறு பலூனை ஊதி எலும்பை ஓரளவு நிமிர்த்தி, அந்தக் குழியில் சிமெண்ட் நிரப்புவார்கள்.

சிமெண்ட் சிறிது கசிவது சகஜம். பெரும்பாலும் தொந்தரவு தராது. அரிதாகத் தண்டுவடத்தை அழுத்தலாம், நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். உடலில் தொற்று இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் இதைச் செய்வதில்லை.

இதன் பலன் பற்றி நோயாளிகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிலருக்குச் சிமெண்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்குச் செய்வதுபோல நடித்தார்கள். அவற்றில் ஒன்றில், நடிப்புக் குழுவினருக்கும் சந்தேகம் வராமலிருக்கச் சிமெண்ட் திரவப் புட்டியைத் திறந்து அதன் நெடியைப் பரப்பினார்கள். இரு தரப்பிலும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. 2016இல் வந்த வேப்பர் ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு வந்தவர்களுக்குப் பலன் இருப்பதாகக் காட்டியது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வில் வேறுபாடு காணப்படவில்லை. பெரும்பாலான முறிவுகளின் வலி சில வாரங்களில் தானே தணிந்துவிடுகிறது. ஆகவே எல்லோருக்கும் இது முதல் சிகிச்சையாகாது. மருந்துக்கும் ஓய்வுக்கும் அடங்காத வலியால் எழுந்து உட்காரவே முடியாதவர்களுக்கு இதை யோசிப்பது நியாயம். மட்டாஞ்சேரிப் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து எறணாகுளத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போவதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், முறிவு கோணலாகவே ஆறிவிடும்.

சிமெண்ட் ஓர் எலும்பைத்தான் தாங்கும். புரை மற்ற எலும்புகளில் அப்படியே இருக்கும். ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அடுத்தது முறிகிறது. அதனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றோடு எலும்பைக் காக்கும் மருந்தும் சேர்ந்தே தொடங்க வேண்டும். அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை, மாற்று மருந்து தொடங்காமல் பாதியில் நிறுத்தினால், எலும்பு வேகமாகக் கரைந்து ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறியக்கூடும்.