புது மனைப் பிரிவில் நமக்கும் பங்கு உண்டு



சிட்லபாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், வேங்கைவாசல், அகரம்தென் என்று நம் பக்கத்து ஊர்களில் எங்கே பார்த்தாலும் கல் நட்டு மனை போடுகிறார்கள். நேற்று வரை நாற்று நட்ட நிலத்தில் இன்று அடுக்குமாடி எழும்புகிறது. அங்கே சித்தாள் வேலை செய்வதும், குடி வந்த பிறகு பாத்திரம் தேய்ப்பதும், சமைப்பதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் நம் குழுப் பெண்கள்தான். ஆனால் அந்த ஊரில் ஒரு மனை வாங்கவோ, கட்டுப்படியாகும் வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கவோ நம்மால் முடிகிறதா? "வாடகை கட்டியே ஓஞ்சு போறோம்" என்பதுதான் மாதக் கூட்டங்களில் நாம் கேட்கும் பேச்சு.

இடம் கிடைக்காதபோது என்ன நடக்கிறது?

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போடுகிறோம். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஏரியும் நமக்கு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அங்கிருந்து எழுப்பப்படுகிறவர்கள் போகும் இடம் எது? சென்னையில் இப்படி அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியேற்றப்பட்டன. வீடு கிடைத்தது, வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாய்ப் போயின. பஸ் காசுக்கே கூலியில் ஒரு பங்கு போனது. ஆகவே வீடு கிடைத்தால் மட்டும் போதாது, பிழைப்புக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. அதன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மனைப் பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாகப் பிரிக்க வேண்டும். பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்கு விடும் திறந்தவெளி இடம் வேறு; இது வேறு. இந்தச் சிறு மனைகளை அந்த நோக்கத்துக்கு மட்டுமே விற்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே பெரிய மனையாக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 ஏக்கர் மனைப் பிரிவில் சாலைக்கு 1 ஏக்கர் போனால் மீதி 4 ஏக்கர். அதில் 10 சதவீதம் 40 சென்ட், அதாவது 17,424 சதுர அடி. 400 சதுர அடி வீதம் பிரித்தால் 43 குடும்பங்களுக்கு மனை ஆகும். மூன்று குழுக்களுக்குப் போதுமான இடம்!

பெரிய அடுக்குமாடிகளுக்கும் இதுபோல ஒன்று உண்டு. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தபோது, பெரிய குடியிருப்பு கட்டுகிறவர் 10 சதவீத இடத்தில் சிறு வீடுகளை அங்கேயோ 2 கிலோமீட்டருக்குள்ளோ கட்ட வேண்டும் என்றது. பிறகு அதற்குப் பதிலாகத் தங்குமிடக் கட்டணம் செலுத்தலாம் என்று ஆனது. பணம் அரசுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் வீடு எந்த ஊரில் வருகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

"வீடு கட்டத்தான் அரசு பணம் தருதே?" என்று சிலர் கேட்கலாம். கிராம ஊராட்சியில் கலைஞரின் கனவு இல்லம், நகரத்தில் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் சொந்த இடத்தில் கட்ட உதவி வாங்க முதலில் இடம் வேண்டும், பட்டா வேண்டும். மண் இல்லாதவளுக்குச் செங்கல் கொடுத்து என்ன பயன்?

அயல்நாட்டிலும் இதே வழக்கு

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊர் உண்டு. எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண், தலைமுறையாய் வாழ்ந்த ஊரில் ஏழைகளுக்கும் வீடு வேண்டும் என்று போராடினார். வளரும் ஊர்கள் ஏழைகளுக்கும் இடம் விட வேண்டும் என்று 1975-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் 1994-ல் காலமானார். அதன் பிறகுதான் அங்கே வீடுகள் எழுந்தன. அவற்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தீர்ப்பு வந்தாலும் விடாமல் கேட்டால்தான் வீடு வரும் என்பதே பாடம்.

நாம் செய்ய வேண்டியவை

1. நம் பகுதி மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் அங்கே மனு போடுங்கள். நலிந்தோர் மனைகளின் எண்கள் எவை, அனுமதி வரைபட நகல் தருக என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

2. மனை எண் தெரிந்தால் வில்லங்கச் சான்று போட்டு, யாருக்கு விற்றார்கள் என்று பாருங்கள். விதி மீறல் தெரிந்தால் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.

3. குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் அதை வையுங்கள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பேரூராட்சிகள் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால், அங்குள்ளவர்கள் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபையிலும் கேட்க வேண்டும்.

4. வருமானச் சான்று, ஆதார், குடும்ப அட்டை தயாராக இருக்கட்டும். நகர வீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளவர்கள் நலிந்த பிரிவினர்.

5. மனை வாங்கினால் பெண் பெயரில் பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

6. "வீடு வாங்கித் தாரேன்" என்று வரும் தரகரிடம் குழுச் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

தனி ஒருத்தி போய்க் கேட்டால் "நாளைக்கு வாம்மா" என்பார்கள். இருபது பேர் கையெழுத்தோடு போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். வங்கிக் கடனை அப்படித்தானே வாங்கினோம்? குடியிருக்க இடத்தையும் அப்படியே கேட்போம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள்.