சிஸ்டத்தில் யார் பெயர்?

ஊத்துக்குளி, செங்கப்பள்ளி பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற சின்னப் பனியன் கம்பெனிகளில் ஆபீஸ் ரூம் என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு மேஜை, ஒரு சிஸ்டம். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் சுவிட்சைப் போடுவார். திரை பெயரும் கேட்பதில்லை, பாஸ்வேர்டும் கேட்பதில்லை. நேராக உள்ளே போய் நிற்கும். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண், சூப்பர்வைசர், டெலிவரி சலான் போடும் பையன், சாயங்காலம் வந்து உட்காரும் ஓனர் என எல்லாரும் அந்த ஒரே பெயரில்தான் வேலை பார்க்கிறார்கள்.

“ஏனுங்க, இருக்கிறதே நாலு பேரு. நமக்குள்ள எதுக்குங்க பாஸ்வேர்டு?” என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்பிக்கையில் ஓடுகிற தொழில் இது. போனில் ரேட் பேசி, ஒரு சலானை மட்டும் கொடுத்து, டன் கணக்கில் துணியை அடுத்தவர் ஷெட்டில் இறக்கிவிட்டு வருகிற ஊர். ஆனால் பெயர் கேட்காமல் திறக்கிற இந்த ஆட்டோ லாகின் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதில்லை. ஏதாவது ஒன்று தவறிப்போகும் நாளில் நாலு பேரையும் சேர்த்துச் சந்தேக வளையத்தில் நிறுத்திவிடுகிறது.

அந்த ஒரு பெயருக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். டாலியில் பார்ட்டி கணக்கு. எக்செல்லில் வாரச் சம்பளம்: யார் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பாக்கி என்பதெல்லாம். பிஎஃப், இஎஸ்ஐ பதிவுக்காக ஸ்கேன் செய்து வைத்த ஆதார் அட்டைகள், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் விவரமும் அங்கேதான் இருக்கிறது. தங்கள் ஆதார் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, யார் திறந்து பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பிரௌசரில் சேமித்து வைத்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப் வெப், பையரோடு பேசும் மெயில். சில இடங்களில் டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன் செருகியபடியே இருக்கும். அதற்கான பின் நம்பர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

இனி, சம்பளப் பட்டியலில் ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது போன மாத பில் ஒன்றைக் காணோம். முதல் கேள்வி யாரிடம் போகும்? மாதச் சம்பளத்துக்கு அந்த நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம். “நான் செய்யலீங்க” என்பதைத் தவிர அவரிடம் வேறு சான்று கிடையாது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் யார் உட்கார்ந்தார் என்று சிஸ்டத்தால் சொல்ல முடியாது. அதைப் பொறுத்தவரை காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருந்தது ஒரே ஆள். லாகினை முதலாளியின் பூட்டு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேலைக்கு வருகிறவரின் சாட்சி. இந்த விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அரசாங்கமும் யார் செய்தது என்ற கேள்வியைச் சுற்றியே விதிகளை இறுக்கி வருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் பதிந்து வைக்க வேண்டும். டாலியில் இதற்கு எடிட் லாக் உண்டு. ஆனால் டாலியிலும் எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் ஆடிட்டர் புரட்டுகிற பக்கமெல்லாம் அந்த ஒரே பெயர்தான் இருக்கும். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் ஓடிபியோடு கூடிய இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். வேலைக்கு இருப்பவர்களுக்குத் தனித்தனி துணைப் பயனர் கணக்கு தர அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது. அதைச் செய்யாமல், ஓனர் வண்டி ஓட்டிக்கொண்டே போனில் ஓடிபி சொல்கிற பழக்கம்தான் ஓடுகிறது. தொழிலாளர் விவரங்களைப் பொறுத்தவரை, 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு வந்ததே ஒரு மெஷினைப் பலர் பகிர்ந்ததால்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோவின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. ஒருவர் ஃபைல் இன்னொருவர் கைக்குப் போகாமலிருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். 1962-லேயே அங்கிருந்த ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், பாஸ்வேர்டு பட்டியல் முழுவதையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டு கழித்துத்தான் அதைச் சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் புழங்கிய இடத்திலேயே நிலைமை அப்படி.

ஆட்டோ லாகினை நம் ஊரில் யாரும் கெட்ட எண்ணத்தில் வைப்பதில்லை. சிஸ்டத்தை மாட்டித் தருகிற சர்வீஸ்காரர், பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று ராத்திரி போன் வருமே என்று எடுத்துவிட்டுப் போவார். இன்னொரு காரணம் கரண்ட். யூபிஎஸ் தாங்காமல் மெஷின் அணைந்து திரும்ப எழுந்தால், விரல்ரேகை வருகைப் பதிவு தானே ஓட வேண்டும் என்பார்கள். அது நியாயமான தேவை. ஆனால் அதற்கு அக்கவுண்ட்ஸ் மெஷினைத் திறந்து போட வேண்டியதில்லை. பல மென்பொருள்களை விண்டோஸ் சர்வீஸாக அமைக்கலாம். யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடும். அந்த வசதி இல்லையென்றால், வேறொரு பழைய மெஷினில், எந்த அதிகாரமும் இல்லாத தனிக் கணக்கில் மட்டும் ஆட்டோ லாகினை விட்டுவைக்கலாம்.

சரி, நிறுத்துவது எப்படி? முதலில் பாஸ்வேர்டு. ஒரே கணக்கு இருந்து அதற்குப் பாஸ்வேர்டும் இல்லையென்றால், வேறு எதை மாற்றினாலும் விண்டோஸ் நேராகத்தான் உள்ளே போகும். ஓனருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சாதாரண கணக்கு என்று உருவாக்கிக்கொள்ளுங்கள். ஓனரும் தினசரி வேலைக்குச் சாதாரண கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்து, விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தினால் வரும் பெட்டியில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இஸட் என்ற எட்டு எழுத்தைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். பயனர் பட்டியல் திறக்கும். இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தப் பெயரும் பாஸ்வேர்டும் தர வேண்டும் என்ற வரியின் முன்னுள்ள கட்டத்தில் டிக் போட்டால் வேலை முடிந்தது. புது விண்டோஸில் சிலருக்கு அந்த வரியே தெரியாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதனுள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ வழியாக மட்டுமே நுழைய அனுமதிக்கும் சுவிட்சை அணைத்தால் வந்துவிடும். அப்டேட் முடிந்ததும் தானே லாகின் ஆகும் சுவிட்சும் அதே பக்கத்தில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். உபுண்டுவில் செட்டிங்ஸின் யூசர்ஸ் பக்கத்திலேயே ஆட்டோமேட்டிக் லாகினுக்கு ஒரு சுவிட்ச் உண்டு.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். சில சர்வீஸ்காரர்கள் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து ஆட்டோ லாகின் போட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் பாஸ்வேர்டு அங்கே மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே கிடக்கும். வைத்தவரையே கூப்பிட்டு அழிக்கச் சொல்லி, அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். டி டிரைவையும் பாருங்கள். ஒவ்வொருவர் கணக்கின் டாக்குமென்ட்ஸும் அடுத்த சாதாரண கணக்குக்குத் தெரியாது. ஆனால் டி டிரைவில் வைத்தது பொதுவாக எல்லாக் கணக்குக்கும் திறந்திருக்கும். நம் ஆட்கள் டாலி டேட்டாவையும் ஆதார் ஸ்கேன்களையும் வைப்பது அங்கேதான். அந்த ஃபோல்டர்களுக்குத் தனியாக அனுமதி அமைக்காவிட்டால் கணக்கு பிரித்ததில் பாதிப் பயன் போய்விடும். அதேபோல், எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியோடு எல் எழுத்தைத் தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும். டீக்குப் போனாலும் தட்டுங்கள்.

பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்தால் இத்தனையும் வீண். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மட்டும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றைக்கே முடக்கிவிடுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. அவர் போன பிறகு நடக்கிற எதற்கும் அவர் பெயர் இழுபடாது.

முதலாளிமார்களே, இதற்கு ஒரு பைசா செலவில்லை. புது மென்பொருளும் வேண்டாம். இந்தச் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும், ஆபீஸில் உட்காருகிற நாலு பேரையும் கூப்பிட்டு வைத்து, அவரவர் பாஸ்வேர்டை அவரவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். அதை நீங்களும் கேட்காதீர்கள்.