தடுப்பணையை யார் அளப்பது?

ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்டி முடித்தாயிற்று. பொறியாளர் வந்து டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் பார்க்கிறார். அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். பில் பாஸாகிறது, பணி முடிந்ததாக ஊட்டிக்கு அறிக்கை போகிறது. ஓடைக்குக் கீழே கேரட் போட்டிருப்பவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், தை முடிவதற்குள் வற்றிவிடும் ஊற்று இந்த வருடம் மாசிக் கடைசிவரை ஓடியது என்று சொல்லியிருப்பார். அணைக்கு மேல்புறம் பாதிவரை மண் மேவிவிட்டதையும் சொல்லியிருப்பார். அணையால் பயன் உண்டா இல்லையா என்பதற்கு இந்த இரண்டு செய்திகளும்தான் பதில். டேப்பில் இவை அகப்படாது.

ஒரு திட்டம் நடக்கும்போதே அதைத் தொடர்ந்து பார்த்துவருவது கண்காணிப்பு. அதனால் என்ன மாறியது, ஏன் மாறியது என்று பார்ப்பது மதிப்பீடு. இரண்டையும் அதிகாரி தனியாகச் செய்யாமல், பயனடைய வேண்டியவர்களோடு உட்கார்ந்து செய்தால் அது மக்கள் பங்கேற்பு முறை. ‘உங்கள் ஊரில் என்ன குறை?’ என்பதற்கு முன்பாக ‘இங்கே எது நன்றாக நடக்கிறது, அதை நடத்துகிறவர் யார்?’ என்று கேட்டுத் தொடங்கினால் அது பலத்தை முன்வைக்கும் முறை. அரசு அலுவலர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும்.

முறை ஒன்றும் புதிதல்ல. 1980களின் இறுதியில் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும், பெங்களூரின் மைராடா போன்ற நம் நாட்டு அமைப்புகளும் கிராமங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊர்க்காரர்களே கோலப்பொடியாலும் குச்சியாலும் தரையில் ஊரின் வரைபடத்தைப் போடுவார்கள். எந்தத் தேவை முக்கியம் என்பதை விதைகளைக் குவித்துக் காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் சமமாகப் பேச முடியும். பலத்திலிருந்து தொடங்கும் வழியை அமெரிக்காவில் டேவிட் கூப்பர்ரைடர் 1980களில் வகுத்தார்.

நீலகிரிக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1954 முதல் ஊட்டியில் இயங்கும் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம், மாநிலத் துறைகளின் அலுவலர்களுக்கு மண் பாதுகாப்பிலும் நீர்வடிப் பகுதி மேம்பாட்டிலும் பயிற்சி தந்துவருகிறது. நீர்வடித் திட்டங்களுக்கு மத்திய அரசு 1994இல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள், அந்த வேலையில் ஊர்க்குழுவுக்குப் பொறுப்பு கொடுத்தன. 2008இன் பொது நெறிமுறைகள் திட்டச் செலவில் கண்காணிப்புக்கு 1 சதவீதமும், மதிப்பீட்டுக்கு 1 சதவீதமும், பயிற்சிக்கும் திறன் வளர்ப்புக்கும் 5 சதவீதமும் ஒதுக்கின. பணத்துக்கு வழி இருந்தது. கேட்கும் பழக்கம்தான் துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

அந்தப் பழக்கம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கூடலூர் நல்ல சாட்சி. 1986இல் அக்கார்டு அமைப்பு அங்கே பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசிகளிடையே வேலை தொடங்கியது. 1988இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. அடுத்து அஸ்வினி அமைப்பும் அதன் மருத்துவமனையும் வந்தன. அங்கே ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகவும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பது அதே ஊர்ப் பெண்ணுக்குத் தெரியும். மருத்துவமனைக்கு வரப் பயப்படுகிறவரை எப்படிப் பேசி அழைத்துவருவது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று கோப்புகளில் எழுதப்பட்ட மக்களிடமிருந்துதான் இந்த அறிவு கிடைத்தது. தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பிரிவுகள் ஆறும் வாழும் மாவட்டத்தில் ஒவ்வோர் அலுவலரும் இதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

‘இது ஊரைப் புகழ்ந்து குறையை மறைக்கும் வேலை’ என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியல்ல. எடை குறைந்த குழந்தைகளின் கணக்கை யாரும் மறைக்கச் சொல்லவில்லை. அதே ஊரில், அதே வருமானத்தில், நல்ல எடையோடு வளரும் குழந்தையின் தாய் என்ன செய்கிறார் என்றும் கேட்கச் சொல்கிறோம். அடுத்த வீட்டுக்காரர் நாளைக்கே செய்யக்கூடிய விடை அங்கே கிடைக்கலாம். முறைகேட்டைப் பிடிப்பதற்குச் சமூகத் தணிக்கை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆவது பிரிவில் அந்த அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்தது. கையாடலைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணும் வேண்டும், திறமையைக் கண்டுபிடிக்கும் இந்தக் கண்ணும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளிவிடக் கூடாது.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்து வரும் இளநிலை உதவியாளருக்குக் கோப்பு எழுதத் தெரியும், விதிகள் தெரியும். ஊரில் வாய்மூடி இருக்க அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஆகவே வகுப்பறை அரை நாள் போதும், மீதியெல்லாம் களத்தில் நடக்க வேண்டும். அலுவலர் நாற்காலியில் உட்கார, ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்தால் அன்றைய பாடம் அங்கேயே தோற்றுவிடும். முதல் ஒரு மணி நேரம் அலுவலர் கேள்வி மட்டும் கேட்கட்டும், விளக்கம் சொல்ல வேண்டாம். பெண்கள் தனியாகப் பேச நேரம் ஒதுக்க வேண்டும். தோட்டத்து லைன் வீடுகளில் கொழுந்து பறித்துத் திரும்பும் மாலையில்தான் அவர்கள் வர முடியும். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் பேசுவது சமவெளியிலிருந்து வந்தவருக்குப் புரியாது. அந்த ஊர் இளைஞர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு நாள் ஊதியமும் கொடுக்க வேண்டும். குறும்பர் ஊர் என்றால், மலைத்தேன் எடுப்பவரிடம் பாறையில் போன வருடம் எத்தனை அடை, இந்த வருடம் எத்தனை என்று கேளுங்கள். காட்டின் நிலையைச் சொல்லும் கணக்கு அவர் வாயிலிருந்தே வரும்.

கடைசியாக, பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு படி உண்டு. எழுதிய அறிக்கையை மாவட்டத் தலைமையகத்துக்கு அனுப்பும் முன் ஊரிலேயே படித்துக் காட்ட வேண்டும். ‘நாங்கள் இப்படிச் சொல்லவில்லை’ என்று ஒருவர் எழுந்து சொன்னால் திருத்த வேண்டும். இது இல்லாத மதிப்பீட்டைப் பங்கேற்பு மதிப்பீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குக் குறுக்கே நிற்பவை இரண்டு. ஒன்று இடமாறுதல்: ஊரைப் புரிந்துகொண்ட அலுவலர் போய்விடுகிறார். அதனால் ஊரின் பதிவு ஊராட்சி அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். மற்றொன்று இலக்கு: ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை முடிந்தது என்று மட்டுமே மேலதிகாரி கேட்கும்வரை, கீழே இருப்பவர் வேறு எதையும் எழுத மாட்டார். ஆகவே பயிற்சியை ஆட்சியர் மட்டத்திலிருந்து தொடங்குவதே சரி.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் கட்டிய அணையோ, போட்ட சாலையோ, திறந்த அங்கன்வாடியோ எப்படிப் பயன்படுகிறது என்று அந்த நாளில் நீங்களே எழுந்து சொல்லுங்கள். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.